கட்லட்டும் கோட்டையும்

"கோட்டை பாக்கிறதுக்குக் காஞ்சிபுரம் சாறி என்னத்துக்கு?" என்று ரூபிகா கேட்டாள்.

"போட்டோவுக்கு வடிவாய் இருக்கும் பிள்ளை" என்றாள் தாய் ஜெகதீஸ்வரி.

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து விடுமுறைக்கு லண்டன் வந்த நாளிலிருந்து தாய் எந்தப் போட்டோவுக்கும் இவ்வளவு கவலைப்பட்டதில்லை. போதாததற்கு அந்தக் கட்லட் பெட்டி வேறு. போவது மூன்று பேர், பெட்டியில் இருந்ததோ ஒரு பந்திக்குப் போதும். ரூபிகாவுக்கு விளங்கிவிட்டது.

பல நூற்றாண்டுகள் பழைய கோட்டை. அகழி, தூக்குப் பாலம், அம்பு எய்யும் துவாரங்கள் என்று எல்லாம் இருந்தன. தகப்பன் இராசரத்தினம் எதையும் பார்க்கவில்லை. கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சொல்லி வைத்தாற்போல் அங்கிருந்து வந்தார்கள், லண்டனிலேயே இருக்கும் யோகேஸ்வரியும் மகன் ராகுலனும். அவளுடைய தடித்த கோட்டுக்குக் கீழேயும் பட்டுக்கரை தெரிந்தது.

"எட, நீங்களே! இஞ்ச சந்திப்பம் எண்டு கனவிலயும் நினைக்கேல்லை!" என்றாள் யோகேஸ்வரி.

ஜெகதீஸ்வரியும் நெஞ்சில் கைவைத்து வியந்தாள். பள்ளிக்கூட நாடகத்தில்கூட இந்த இரண்டு பேருக்கும் வேஷம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கொழும்பில், பம்பலப்பிட்டி என்றால் இது கோயிலில் நடந்திருக்கும். தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்தித்து, பெண்ணை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்துவிட்டு, பிடிக்காவிட்டால் பேசாமல் போய்விடலாம். பெண் பார்க்கவே வரவில்லை என்றால் வேண்டாம் என்று சொன்னதாகவும் ஆகாதே. ஒருவருடைய மானமும் போகாது என்பார்கள். பெண்ணின் மானத்தை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. ரூபிகாவுக்கு இதற்கு முன் நடந்த தற்செயல்கள் ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஒவ்வொரு முறையும் தாய் போனையே பார்த்துக்கொண்டு மெலிந்துபோனாள். அந்த முகத்துக்காகத்தான் இன்றும் அவள் அதற்குமேல் கேளாமல் சாறி உடுத்தாள்.

"பிள்ளையள் ரெண்டு பேரும் அந்தக் கோபுரத்தில ஏறிப் பாருங்கோவன்" என்றாள் யோகேஸ்வரி. கண் முழுக்க ரூபிகாவின் காலில்தான் இருந்தது. நொண்டுகிறாளா என்று பார்க்கிறாளாம்.

பாதிப் படியில் மூச்சு வாங்கி நின்றவன் ராகுலன்.

"நீங்கள் கொழும்பில புதுக்கடைக் கோர்ட்டில லோயர் எல்லே? இஞ்ச அது சரிவராது. கலியாணத்துக்குப் பிறகு வீட்டில நிண்டால் தனக்கும் உதவி எண்டு அம்மா சொன்னவ."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"நான் என்னத்தைச் சொல்ல? அம்மா சொன்னால் சரி."

நீதிமன்றத்தில் ஊராருக்கெல்லாம் வாதாடுகிறவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தச் சீமானுக்குச் சமைத்துப் போடவா கறுப்புக் கோட்டுப் போட்டாள்? அவனை அங்கேயே விட்டுவிட்டு உச்சிவரை ஏறி, காற்று வாங்கிக்கொண்டு ஆறுதலாக இறங்கினாள்.

கீழே யோகேஸ்வரி கட்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"எங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. பிள்ளை, உமக்கு எங்கட ராகுலனைப் பிடிச்சிருக்கோ?"

ஜெகதீஸ்வரியின் கண் கெஞ்சியது. அதைப் பார்த்ததும் ரூபிகாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் சொன்னாள்.

"ராகுலனையோ? தற்செயலாய்த்தானே அன்ரி சந்திச்சனாங்கள்? நாங்கள் கோட்டை பாக்கவெல்லே வந்தனாங்கள்?"

யோகேஸ்வரியின் கட்லட் கையிலேயே நின்றது. கனவிலும் நினைக்காத சந்திப்பு என்று சொன்ன வாயால் இனி என்னத்தைச் சொல்வது? தாயின் முகம் இருண்டது.

இராசரத்தினம் கட்லட் பெட்டியை மூடினார். அன்றைக்கு முதல்தடவையாகத் தலையை நிமிர்த்திக் கோட்டையைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. கோட்டை நல்ல கோட்டைதான்" என்றார்.