மூடி மாறிய சட்டி

"உன் சட்டியில அப்படி என்னதான்டி போடுற, எல்சி? தெருவே மணக்குது!"

டக்வொர்த்தின் ரொட்டிக்கடை வாசலில், வேகக் கொடுத்த சட்டியைத் திரும்ப வாங்கக் காத்திருந்த பெண்களுக்கு நடுவில் நின்று பெர்த்தா இப்படிக் கேட்டாள். "எல்லாம் கை மணம்தான்," என்றாள் எல்சி. எல்லோரும் சிரித்தார்கள். பெர்த்தா மட்டும் சிரிக்காமல், மூடிய சட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் எல்சி அதை அன்றே மறந்திருப்பாள். ஆனால் பெர்த்தாவின் காதில் காலையில் ஒரு சேதி விழுந்தால், மதியத்துக்குள் அது கால்வாய்க்கு அக்கரை போய்ச் சேர்ந்துவிடும். அன்றிலிருந்து எல்சி மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே சட்டியைத் தூக்கிப் போனாள்.

அவள் சட்டியில் இருந்தது உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டும்தான்.

ஹாட்பாட் என்று அந்த ஊரில் சொல்லும் கறிச் சமையல் என்றால், ஆட்டுக்கறி அடியில் இருக்க வேண்டும். அதன்மேல் வெங்காயம், அதன்மேல் வட்டமாக நறுக்கிய கிழங்கை ஓடு வேய்ந்தது போல அடுக்க வேண்டும். எல்சிக்கும் அப்படித்தான் பழக்கம். போன இலையுதிர்காலத்தில் பஞ்சாலையை மூடினார்கள். கணவன் வில்ஃபின் தறி நின்றது. அதோடு சட்டியில் கறியும் நின்றது. எல்சி இரண்டு தெரு தள்ளியிருந்த கசாப்புக்கடையில் "நாய்க்கு வேணும்" என்று எலும்பு கேட்டு வாங்கினாள். அதை நெருப்பில் காட்டிச் சிவக்க வைத்து, வேக வைத்து, மேலே மிதந்த கொழுப்பை எடுத்து மேல் கிழங்கில் தடவினாள். வெங்காயத்தைக் கொஞ்சம் கருக விட்டால் சாறும் கறிச் சாறு போலவே பழுப்பாக வரும். மணமும் வரும். கறி மட்டும் வராது.

சட்டியை ரொட்டிக்கடைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வேக வைக்கலாமே என்றால், அதற்கு நாள் முழுக்கக் கரி எரிக்க வேண்டும். ரொட்டி எடுத்த பிறகு சூடு அடங்காத அடுப்பில் தெருச் சட்டிகளையெல்லாம் வைப்பது டக்வொர்த்தின் வழக்கம். அதுதான் மலிவு. அதைவிட முக்கியமாக, ஒரு வாரம் எல்சியின் சட்டி வரவில்லை என்றால் தெரு கணக்குப் போட்டுவிடும்.

அந்தத் தெருவில் சிக்கனம் என்றாலே எல்சிதான். நடுவில் நைந்த போர்வையை இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவில் வைத்துத் தைத்தால் இன்னும் சில வருஷம் உழைக்கும் என்று சொன்னவள் அவள். ஊறிய தேயிலையைத் தரைவிரிப்பில் தூவிப் பெருக்கினால் புழுதி பறக்காது. தேய்ந்த சோப்புத் துண்டுகளை டப்பாவில் சேர்த்துக் காய்ச்சினால் துணி துவைக்கக் கூழாகிவிடும். பெண்கள் வீடு தேடி வந்து கேட்டுப் போவார்கள். வில்ஃபுக்கு வேலை போன பிறகும், "எல்சி சமாளிச்சுக்குவா" என்றுதான் பேசினார்கள். மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போன பிறகு அவளிடம் மிச்சமிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

பெர்த்தாவுக்கு அது பிடிக்காது. காரணமும் இருந்தது. அவள் முட்டைக்கோஸின் வெளி இலைகளைக் குப்பையில் போட்டபோது, "அதுல ஒரு வேளைச் சூப்பு இருக்கே, பெர்த்தா!" என்று எல்சி எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், சட்டி இறங்க வேண்டிய நேரத்தில் மாவு வண்டி வந்துவிட்டது. கடைசி அரைமணி நேரம் மேல் கிழங்கு சிவப்பதற்காக டக்வொர்த் எல்லா மூடிகளையும் எடுத்து வைப்பார். யார் சட்டி என்பது மூடியில்தான் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கும். வண்டிக்காரன் ஒரு பக்கம் கத்த, அவர் அவசர அவசரமாக மூடிகளைத் திருப்பிப் போட்டார். எல்சியும் பெர்த்தாவும் ஒரே நாளில் ஒரே தள்ளுவண்டியில் வாங்கிய சட்டிகள் அச்சாக ஒன்று போலவே இருக்கும்.

எல்சி வீட்டுக்கு வந்து கரண்டியை இறக்கினாள். கிழங்குக்குக் கீழே ஏதோ தட்டியது. தூக்கிப் பார்த்தால் எலும்போடு கறித்துண்டு. அடியில் சிறுநீரகம் வேறு.

"அம்மா, கறி!" என்றாள் மகள் ஐவி.

எல்சி மூடியைப் பார்த்தாள். தன் பேர்தான் இருந்தது. யாருடைய மூடி எந்தச் சட்டிக்குப் போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"கரண்டியைக் கீழ வை. இது நம்மளது இல்ல."

"நம்ம வீட்லதானம்மா இருக்கு?"

எல்சி சட்டியைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்சந்து வழியாக ஓடினாள். பெர்த்தா வீட்டில் சாப்பிட உட்காருவதற்குள் போய்விட்டால், வாசலிலேயே மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

பின்கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே பெர்த்தாவின் கணவன் அம்புரோஸின் குரல் கேட்டது. உட்கார்ந்துவிட்டார்கள்.

"என்னடி இது? துழாவித் துழாவிப் பாக்குறேன், கறியைக் காணோம். ஆடு சட்டிய எட்டிப் பாத்துட்டு ஓடிப்போச்சா?"

எல்சி அங்கேயே நின்றுவிட்டாள். தன் கையால் கறி அடுக்கிய பெர்த்தாவுக்கு அது யார் சட்டி என்று தெரியாமல் இருக்குமா? இதோ சொல்லப் போகிறாள். நாளைக்குத் தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் திறப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"கறி போடலங்க," என்றாள் பெர்த்தா. "பலகை மேல வச்சிருந்தேன். பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு. சொன்னா திட்டுவீங்கன்னு கிழங்க மட்டும் வச்சு அனுப்பிட்டேன்."

"பூனைக்குப் படியளக்கத்தான் வாரம் பூரா சரக்குக் கூடத்துல மூட்டை தூக்கறேனா? அந்த எல்சி வீட்டுக்குப் போய்க் கத்துக்கடி. புருஷனுக்கு வேலை இல்ல, அப்பவும் அவ சட்டி எப்படி மணக்குது! குடும்பம் நடத்தத் தெரிஞ்சவ."

"சரிங்க. கத்துக்கறேன்."

பெர்த்தா இவ்வளவு சின்னக் குரலில் பேசி எல்சி கேட்டதில்லை.

அப்படியே திரும்பிப் போகலாம். பேருக்கு ஒன்றும் ஆகாது. ஐவிக்குக் கறியும் கிடைக்கும். எல்சி ஒரு கால் பின்னால் எடுத்து வைக்கவும் செய்தாள். பிறகு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், சட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"அண்ணே, நீங்க சாப்பிடறது என் சட்டி. பூனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. டக்வொர்த் மூடிய மாத்திப் போட்டுட்டாரு. பெர்த்தா வச்ச கறி இதோ இருக்கு."

அம்புரோஸின் கரண்டி பாதி வழியில் நின்றது. "அப்ப உன் சட்டில…"

"கிழங்கும் வெங்காயமும்தான். பனிக்காலம் பூரா அதான். மணத்துக்கு எலும்பு. நாய்க்குன்னு சொல்லி வாங்கறேன். எங்க வீட்ல நாயே கிடையாது."

சொல்லி முடித்ததும் எல்சிக்குக் காது மடல் வரை எரிந்தது. பெர்த்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உனக்கு மூளை இருக்கா? நான் பாட்டுக்கு அந்தப் பூனை தலையில பழியப் போட்டு, இந்த மனுஷன்கிட்ட திட்டும் வாங்கிட்டு உக்காந்திருக்கேன். நீ வந்து எல்லாத்தையும் கொட்டற. எதையும் வீணாக்கத் தெரியாதவன்னு ஊரே உன்னைச் சொல்லுது. நல்ல பொய், அதப் போய் இப்படி வீணாக்கிட்டியேடி!"

அம்புரோஸ் தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் இருந்ததையே மறுபடி சாப்பிடத் தொடங்கினார். "கிழங்கு பதமாத்தான் வெந்திருக்கு," என்றார் தட்டைப் பார்த்து.

"உங்களைக் கேட்டாங்களா? இது வெளிய போச்சு, அப்புறம் உங்களுக்குத் தினமும் எலும்புச் சாறுதான்."

பெர்த்தா இரண்டு சட்டிகளையும் பக்கத்தில் இழுத்தாள். இதிலிருந்து கறியை அதில் போட்டாள், அதிலிருந்து கிழங்கை இதில் போட்டாள். சாறு மேஜையெல்லாம் சிந்தியது. சிறுநீரகத்தைக் கத்தியால் இரண்டாக்கி, பெரிய துண்டை எல்சியின் சட்டியில் தள்ளினாள்.

"வேண்டாம் பெர்த்தா, இவ்வளவு…"

"சும்மா இரு. ரெண்டு வீட்டுக்கும் போதும். இருக்கறத நீட்டறது எப்படின்னு எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவ நீதானே? போ, புள்ள பசியோட இருக்கும்."

கறைக்கு உப்பு, துருவுக்கு வெங்காயம், தீய்ந்த பாத்திரத்துக்குச் சாம்பல் என்று எதைக் கேட்டாலும் ஒன்று சொல்லத் தெரிந்தவள் எல்சி. இப்போது உதடு அசைந்தது, சொல் வரவில்லை. சட்டியைச் சால்வைக்குள் அணைத்துக்கொண்டாள். பெர்த்தாவின் கையை ஒரு தரம் இறுகப் பிடித்தாள். பிறகு கதவைத் தாண்டிச் சந்தில் இறங்கிப் போனாள்.