டவருக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில்

ஒச்சாண்டி ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் உறுமியது. உறுமிக்கொண்டே இருந்ததே தவிர குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நானூறு காட்ட வேண்டிய வோல்ட் மீட்டரின் முள் முந்நூற்றுப் பத்துக்கு இறங்கி, அதற்கு மேல் ஏற மாட்டேன் என்று அங்கேயே நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். ஸ்டார்ட்டர் தானாகவே அணைந்துகொண்டது. குமுளி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தோட்டத்துக்கு வந்திருந்த விஜய்பாண்டி, தோளில் தொங்கிய பையோடு மோட்டார் ரூம் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில இருந்து இது எட்டாவது தடவ," என்றார் ஒச்சாண்டி, திரும்பிப் பார்க்காமலே. பிறகு திரும்பினார். தம்பியைக் கண்டதும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "வந்துட்டியா? நல்ல நேரத்துல வந்தடா. நாலு நாள் லீவுன்னு ஒம் மதினி சொன்னா. போதும், நாலு நாள்ல முடிச்சிருவோம்."

எதை முடிப்பது என்று விஜய்பாண்டி கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஒவ்வொரு லீவிலும் இந்தப் பேச்சு தன்னைப் பிடித்துவிடாமல் நழுவிக்கொண்டுதான் இருந்தான். ஒரு தடவை பிள்ளைக்குக் காய்ச்சல் என்றான், ஒரு தடவை மாமனார் வீட்டில் விசேஷம் என்றான். இந்த முறை மதினியே போன் போட்டு, "ஒங்க அண்ணன் சரியா சாப்பிடுறதில்ல தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று சொன்ன பிறகு வேறு வழியில்லாமல் கிளம்பி வந்திருந்தான்.

விஜய்பாண்டிக்கு உத்தியோகம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். வடக்கே எங்கேயோ உற்பத்தியாகிற மின்சாரம் ஐந்து லட்சம் வோல்ட்டில், ஒரே திசையில் ஓடும் டீசி கரண்ட்டாக, ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்து அங்கே வந்து சேர்கிறது. சேர்ந்த இடத்தில் அதை வீடுகளில் எரிகிற ஏசி கரண்ட்டாக மாற்றுகிற கன்வெர்ட்டர் ஸ்டேஷனில் அவன் ஷிப்ட் இன்ஜினியர். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓர் எண் லேசாக ஆடினால் டெல்லியிலிருந்து போன் வரும். அந்த லைன்தான் கம்பம் பள்ளத்தாக்கைக் குறுக்கே கடந்து மலையேறுகிறது. அதன் டவர்களில் ஒன்று அனுமந்தன்பட்டிக்கு மேற்கே அண்ணனுடைய திராட்சைத் தோட்டத்துக்குள் நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது. தலைக்கு மேல் ஐந்து லட்சம் வோல்ட் போக, கீழே தொண்ணூறு வோல்ட் பற்றாமல் அண்ணனின் மோட்டார் முக்குகிறது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். விஜய்பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்தலில் காய்கள் மிளகளவுக்கு வந்திருந்தன. இந்தப் பருவத்தில் தண்ணீர் தப்பினால் குலை குலையாகச் சுருங்கிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பழம் தேறாது. கிணறு வறண்டு, பழைய போரில் காற்று வர ஆரம்பித்ததும் ஒச்சாண்டி எழுநூறு அடிக்கு இன்னொரு போர் போட்டு, டவருக்கு இடம் விட்டதற்கு வந்த பணத்தில் பதினைந்து எச்பி மோட்டாரை இறக்கியிருந்தார். மோட்டார் நல்ல மோட்டார்தான். ஆனால் பெரிய மோட்டார். ஒரே டிரான்ஸ்பார்மரில் இருபது தோட்டம் தொங்குகிற இந்த லைனில் அது ஓடாது என்று மோட்டார் விற்ற கடைக்காரரே சொல்லியிருக்கிறார். "ஓடும்யா. கொஞ்ச நாள்ல கரண்ட்டு வேற பக்கம் இருந்து வரப்போகுது" என்று அவருக்கே புத்தி சொல்லிவிட்டு வாங்கி வந்தவர் அண்ணன்.

வேற பக்கம் என்றால் டவர்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த லைனுக்குச் சர்வே எடுக்க வந்தவர்களை ஊர் உள்ளே விடவில்லை. வேலை அங்கேயே நின்றது. விஜய்பாண்டி அப்போது சத்தீஸ்கரில் இருந்தான். பெண்டாட்டியும் பிள்ளையும் தேனியில். மூன்று தடவை டிரான்ஸ்பருக்கு எழுதிப்போட்டும் பதில் இல்லை. "உங்கள் ஊரில்தானே நிற்கிறது, ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்" என்றார் மேலதிகாரி. வந்தான். லைனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேட்டான். அண்ணன் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: "நமக்கு இதுல ஏதாச்சும் உண்டாடா?" அவன் சொன்னதும் ஒரே பதில்தான்: "லைன் வந்தா ஊருக்கு நல்லதுதாண்ணே." பொய் இல்லை. நாட்டுக்கு நல்லது என்றால் ஊருக்கும் நல்லதுதானே என்று அவனுக்கு அவனே வாய்தா வாங்கிக்கொண்டான். அன்று சாயங்காலம் டீக்கடையில் அண்ணன், "இனிமே வோல்டேஜ் பிரச்சனையே கெடையாதுப்பா, தம்பியே சொல்லிட்டான்" என்று பத்துப் பேருக்கு நடுவில் அறிவித்தார். விஜய்பாண்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மறுக்க வாயைத் திறந்தான். டீ வந்தது, குடித்தான். கிளாஸ் காலியாகும்வரை நேரம் இருந்தது, அதற்குப் பிறகும் இருந்தது. மறுநாள் ஒச்சாண்டி முதல் கையெழுத்தைப் போட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்துப் பாண்டியம்மாள் போட்டார், அப்புறம் வரிசையாக எல்லாரும். அடுத்த மாதமே கேரளாவுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துவிட்டது.

"வா, ஒண்ணு காட்டணும்," என்று அண்ணன் முன்னால் நடந்தார்.

மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனதும் விஜய்பாண்டிக்கு நடை நின்றுவிட்டது. டவரின் ஒரு காலிலிருந்து மோட்டார் ரூம் சுவர் வரைக்கும் நூல் பிடித்தது போல நேர்க்கோட்டில் மூன்று கல். திராட்சைப் பந்தலுக்கு ஊன்றுகிற அதே கருங்கல் தூண்கள், ஆள் உயரத்துக்கு மேல். ஒவ்வொன்றின் உச்சியிலும் இரும்புப் பட்டை அடித்து, அதில் வயரைத் தாங்க ஒரு வெள்ளைப் பீங்கான் குப்பி. மோட்டார் ரூம் சுவரில் வயர் நுழைவதற்கு ஒரு துளை, மழைத் தண்ணீர் போகாமல் அதற்கு ஒரு சின்னக் குடைகூட வைத்துப் பூசியிருந்தார். பந்தலுக்கு முதல் கல் ஊன்றும்போது நாள் பார்த்து மஞ்சள் துணி சுற்றுவது வழக்கம். இதிலும் முதல் கல்லின் கழுத்தில் வெளுத்துப்போன மஞ்சள் துணியும் காய்ந்த மாவிலையும் இருந்தன.

"எப்பண்ணே நட்டீக?"

"லைன்ல கரண்ட்டு விட்டாகல்ல, அந்த வாரமே. ஒங்க ஆபீசுல இருந்து ஆள் வந்தா கல்லு ஊனுறதுக்கு ஒரு நாள் வீணாப் போகுமேன்னு நாமளே நட்டு வச்சாச்சு. ஒம் மதினிதான் துணி சுத்துனா." பீங்கான் குப்பியை அண்ணாந்து பார்த்தார். "இந்தக் குப்பி தாங்குமா? இல்ல பெருசா வேணுமா? தேனிக் கடையில இதுதான் இருந்துச்சு."

குப்பி கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதே வேலைக்கு டவரின் கையிலிருந்து தொங்கிய இன்சுலேட்டர் சரம் இரண்டு ஆள் நீளத்துக்கு மேல். விஜய்பாண்டிக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேலா, தன் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். ஒருத்தர் இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு பிரியமாகத் தப்பு செய்து வைத்தால் எங்கேயிருந்து திட்ட ஆரம்பிப்பது?

சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பாண்டியம்மாள் வந்து நின்றார். "என்ன தம்பி, இந்தத் தடவையாச்சும் கனெக்சன் குடுத்துருவீகளா? ஒங்க அண்ணன் எழுத்துக்குப் பின்னாடிதான் நான் கைநாட்டு வச்சேன். எனக்கும் ஒரு வயரு இழுத்துருங்க, மறந்துறாதீக."

"மொத இங்கன வரட்டும் ஆத்தா, அப்புறம் ஒனக்கு," என்றார் ஒச்சாண்டி பெருமையாக.

பாண்டியம்மாள் போனதும் விஜய்பாண்டி சொல்ல ஆரம்பித்தான். "அண்ணே, இதுல இருந்து எடுக்க முடியாது. இது டீசி. நம்ம மோட்டாருக்கு ஏசிதான் வேணும்."

"டீசின்னா டிராக்டர் பேட்டரியில இருக்கிறதுதான? அதான் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கொத்துக் கம்பியாப் போகுது. நம்ம லைன்ல மூணு இருக்கும். பாத்தேன் பாத்தேன்." அண்ணன் சாதாரணமாகத் தலையாட்டினார். "அதனால என்ன? வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே, பேட்டரி கரண்ட்ட அது மாத்தித்தான லைட்டு எரிய வைக்குது? அது மாதிரி பெருசா ஒண்ணு வாங்கி அங்கன வச்சுருவோம். அதுக்கும் எடம் விட்டுருக்கேன்." மோட்டார் ரூம் பக்கத்தில் ஆறடிக்கு ஆறடி சிமெண்ட் மேடை ஒன்று இருந்தது.

அதுதான் விஜய்பாண்டியைச் சாகடித்தது. அண்ணன் சொன்னதில் தப்பே இல்லை. அவன் வேலை பார்க்கிற இடம் வேறென்ன? பெரிய இன்வெர்ட்டர்தான். ஆனால் அந்த மேடையில் வைக்கிற இன்வெர்ட்டர் இல்லை. அனுமந்தன்பட்டி ஊரையே தூக்கி அந்த வளாகத்துக்குள் வைத்தாலும் மீதி இடம் இருக்கும். கூரையிலிருந்து வீடு உயரத்துக்கு அடுக்கடுக்காகத் தொங்கும் கருவிகள், அவற்றைக் குளிரவைக்க ராப்பகலாக ஓடும் தண்ணீர். அப்படி லைனின் ஆரம்பத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று. நடுவில் எவ்வளவு ஊர் இருந்தாலும் இறங்காமல் போவதற்காகவே போட்ட லைன் அது. இதையெல்லாம் அவன் சொன்னான். கையை விரித்தும் குறுக்கியும், மண்ணில் குச்சியால் கோடு போட்டும் சொன்னான். ஒச்சாண்டி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் தம்பியின் தோளில் கையை வைத்தார்.

"சரி விடு. ஒன்னால ஆகலேன்னா ஆகல. நீயும் அங்கன ஒரு ஆளுக்குக் கீழதான இருக்க. ஒனக்கு மேல உள்ளவுக யாராச்சும் வந்தாகன்னா நான் பேசிக்கிறேன். இதுக்குப் போயி ஏன் மொகம் வாடுற?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இந்த ஆறுதலைத் தாங்க முடியவில்லை. எட்டு தடவை ஸ்டார்ட்டரை அமுக்கியும் சலிக்காத அந்தக் கை தோளில் கனத்தது.

"மேல யாரு வந்தாலும் ஆகாதுண்ணே. எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பவே?"

"கையெழுத்துப் போட்டீகளே, அதுக்கு மொத நாளு. டீக்கடையில நீங்க சொல்லும்போதே தெரியும். நான் வாயத் தொறக்கல. டிரான்ஸ்பர் வேணும்னு இருந்துட்டேன்."

கை தோளிலிருந்து இறங்கியது. ஒச்சாண்டி டவரைப் பார்த்தார். வெயில் காய்ந்த நாட்களில் அந்தக் கம்பிகளில் ஒரு இரைச்சல் இருக்கும். எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிகிற மாதிரி, விடாமல். அன்று நன்றாகவே கேட்டது. அவர் பார்வை டவரிலிருந்து கற்கள் வழியாக ஒவ்வொன்றாக இறங்கி, சுவரில் இருந்த துளைக்கு வந்தது.

"கரண்டு வரும்னு மத்தவுகதாண்டா போட்டாக," என்றார் கடைசியில். "நான் நீ கேட்டேன்னு போட்டேன்."

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்குள் குனிந்து போய்விட்டார். மதினி மகாலட்சுமி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தபோது அண்ணன் ஒரு மூலையிலும் தம்பி ஒரு மூலையிலும் இருந்தார்கள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு தட்டிலும் சோற்றைப் போட்டு, இரண்டு இடத்திலும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "பாண்டியம்மா கேட்டா நான் என்ன சொல்லட்டும் தம்பி?" என்று மட்டும் போகும்போது கேட்டாள்.

விஜய்பாண்டி சோற்றைத் தொடவில்லை. எழுந்துபோய் மோட்டார் ரூமிலிருந்த கடப்பாரையை எடுத்தான். எதையாவது செய்தாக வேண்டும். குறைந்தபட்சம் இந்தக் கற்கள் இங்கே நிற்கக் கூடாது, நாளைக்கு இதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. முதல் கல்லின் அடியில் கடப்பாரையை இறக்கினான். டங்கென்று திரும்பி வந்தது. மண்ணைக் கிளறிப் பார்த்தால் ஜல்லியும் சிமெண்ட்டும் போட்டு இறுக்கியிருந்தது. பத்து வருஷமாக மண்வெட்டியே பிடிக்காத கைகள். உள்ளங்கையில் தோல் உரிந்தது. கல்லைக் கட்டிப்பிடித்து ஆட்டிப் பார்த்தான், தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். மஞ்சள் துணி நைந்து சட்டையில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். டெல்லியிலிருந்து வருகிற போனையெல்லாம் சமாளிக்கிறவனுக்கு ஒரு கல் அசைந்து கொடுக்கவில்லை. ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பந்தலிலிருந்து வெளியே வந்த ஒச்சாண்டி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உதவிக்கு வரவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"அது அசையாதுடா," என்றார். "ஆழமாத்தான் நட்டேன்."

மோட்டார் ரூமுக்குள் போனார். பச்சைப் பொத்தான் அமுங்கியது, மோட்டார் உறுமத் தொடங்கியது. விஜய்பாண்டி கல்லை இரண்டு கையாலும் பிடித்தபடியே, அந்த டக் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றான். தலைக்கு மேலே கம்பிகள் பொரிந்துகொண்டிருந்தன.