எடை மேடையில் பீப்பாய்

பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்குகிற பள்ளி அது. அதன் தாழ்வாரத்துக் கோடியில் இருந்த எடை மேடையை நாய்களுக்குப் பிடிக்காது. ஏறினால் காலடியில் லேசாக ஆடும். பயிற்சியாளருக்கும் பிடிக்காது, அவள் ஏறினால் அது உண்மையைச் சொல்லிவிடும். பீப்பாய் என்ற லாப்ரடாருக்கு மட்டும் அது சிம்மாசனம். கூப்பிட வேண்டாம், இழுக்க வேண்டாம். தானே ஏறி, வாலை ஒடுக்கிக்கொண்டு, புகைப்படத்துக்கு உட்கார்ந்தவன் போல அசையாமல் இருப்பான். அசையாத நாய்க்கு, அலமாரி ஜாடியிலிருந்து ஒரு பிஸ்கட். பள்ளி தொடங்கிய நாள் முதல் அதுதான் வழக்கம்.

“முப்பத்தாறு கிலோ,” என்றார் இயக்குநர். “போன வாரத்தைவிட ஏறியிருக்கு. நீங்க பயிற்சி குடுக்கறீங்களா, விருந்து வைக்கறீங்களா?”

“அளந்துதான் போடறேன் சார்.”

“அளக்கற கரண்டி எவ்ளோ பெரிசு?”

சொல்லும்போதே அவர் பார்வை அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி, அவசரமாக மேலே ஏறியது. அந்தப் பார்வை அவளுக்குப் பழசு. இனிப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற வீட்டில் வளர்ந்தவள் அவள். எது காணாமல் போனாலும் முதலில் அவள் வாயைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

“அறிவிப்பாளரம்மா வர்ற அன்னைக்கு முள்ளு முப்பத்திரண்டுக்குக் கீழ நிக்கணும். இல்லேன்னா அவங்களுக்கு வேற நாய். இந்தக் கனத்தோட வேலை பாத்தா இவன் முழங்கால் தாங்காது,” என்றார் இயக்குநர். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

அறிவிப்பாளரம்மா வானொலியில் செய்தி வாசிப்பவர். பார்வை போன பிறகு விரல்களால் வாசிக்கப் பழகியிருந்தார். ஒரே ஒருமுறை வந்தபோது பீப்பாய் அவர் காலணிமேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டான். அன்று முதல், “நம்ம பையன் என்ன பண்றான்?” என்று செய்தி வாசிக்கும் அதே குரலில் போன் செய்வார். அவனைப் போலச் சீக்கிரம் கற்றுக்கொண்ட லாப்ரடாரைப் பயிற்சியாளர் பார்த்ததில்லை. அவனை யார் வீட்டு வாசலிலோ சும்மா படுக்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பள்ளியின் கால்நடை மருத்துவர் அவளுடைய நாத்தனார்தான். பள்ளியில் டாக்டர்; வீட்டில் குட்டி. எவ்வளவு தின்றாலும் ஒட்டாத உடம்பு.

“உண்மையைச் சொல்லுங்க அண்ணி. பாவம்னு ஒரு பிடி கூடப் போட்டீங்களா?” என்று அன்றைய சாப்பாட்டில் கேட்டாள் நாத்தனார், மூன்றாவது முறை தட்டை நிரப்பிக்கொண்டே.

“நீ இவ்ளோ திங்கறே, உன்கிட்ட யாராவது கணக்குக் கேக்கறாங்களா? நான் தண்ணி குடிச்சாக்கூட விசாரணைக் கமிஷன்!”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அறிந்த கணவன், தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டான்.

“கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு அவன் எச்சிலை எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்பறேன்.”

சோதனை முடிவு வந்த அன்று நாத்தனார் ஓடி வந்தாள். “அண்ணி, நான் நெனைச்சது சரி! வயிறு நிறைஞ்சிடுச்சு, போதும்னு மூளைக்குச் சேதி அனுப்பற ஜீன்ல ஒரு துண்டே காணோம். இவன் மாதிரி லாப்ரடார்ங்க நிறைய இருக்கு. எலிங்கள்ல இதே ஜீனைக் கெடுத்துப் பாத்தாங்க, பந்து மாதிரி ஆயிடுச்சுங்க. மனுஷங்கள்லயும் எங்கயோ ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படி உண்டு.”

பயிற்சியாளர் பீப்பாயைப் பார்த்தாள். ‘போதும்’ என்ற சேதியைக் கொண்டுவர வேண்டிய தபால்காரன் கிளம்பவே இல்லை. இவனோ வாசலில் உட்கார்ந்து காலமெல்லாம் கடிதத்துக்குக் காத்திருக்கிறான்.

“எனக்கும் அந்தத் துண்டு இல்லையோ என்னவோ,” என்றாள் விளையாட்டாக. குரல் அவ்வளவு விளையாட்டாக வரவில்லை.

“உங்களுக்கு அது இருக்கும் அண்ணி. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு ஜீன் இல்ல, நூத்துக்கணக்குல. ஒவ்வொண்ணும் தராசுல ஒரு சிட்டிகை போடும். உங்க பக்கம் கொஞ்சம் தாராளமாப் போட்டிருக்கு, என் பக்கம் கஞ்சத்தனம். இதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல.” நாத்தனார் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். “சாப்பாட்டு மேசையில உங்களை எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கேன்.”

“அதையும் ஒரு தராசுல வெச்சா முள்ளு ஒடிஞ்சிடும்.”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் பயிற்சியாளருக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. “காத்துல இருந்து சதை போடாதேடி. ஜீன் பசியைக் குடுக்குது, சரி. தீனியைக் குடுக்கறது யாரு?”

அந்தக் கேள்வி இரண்டு நாள் அவளைச் சுற்றியது. மூன்றாம் நாள் மதியம் கூண்டில் பீப்பாய் இல்லை. தாழ்ப்பாளை மூக்கால் தூக்கத் தெரிந்தவன். தேடிக்கொண்டே தாழ்வாரம் திரும்பியவள் தூணருகே நின்றுவிட்டாள்.

பீப்பாய் எடை மேடையில் உட்கார்ந்திருந்தான். நெஞ்சு நிமிர்ந்து, கண் நேராக, ஒரு ரோமம் அசையவில்லை. அலுவலகக் கணக்காளர் அந்த வழியே வந்தார். “அட, நல்ல பையன்! யாரும் சொல்லாமலே உக்காந்திருக்கியே,” என்று ஜாடியைத் திறந்து ஒன்று போட்டுவிட்டுப் போனார். பீப்பாய் இறங்கவில்லை. தரை துடைப்பவர் வந்தார், ஒன்று. பிறகு கையில் கோப்போடு நாத்தனார் வந்தாள். “இங்க என்னடா செய்யறே தங்கம்?” அவளும் ஒன்று. கடைசியில் இயக்குநர். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஜாடிக்குள் கைவிட்டார். இரண்டு.

“சார்,” என்றாள் பயிற்சியாளர், தூணை விட்டு வெளியே வந்து. “கரண்டி எவ்ளோ பெரிசு?”

இயக்குநரின் காது சிவந்தது. “ஒண்ணே ஒண்ணுதான்...”

“ரெண்டு.”

திரும்பி வந்த நாத்தனார் கோப்பால் வாயை மூடிக்கொண்டாள். எடை பார்த்துப் பார்த்தே ஒரு நாயைக் கொழுக்கவைத்த பள்ளி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். மாலைக்குள் ஜாடி இயக்குநரின் பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பூட்டு யாரோ வேறு ஆட்களுக்காகப் போடப்பட்டதைப் பயிற்சியாளர் ஆசைதீரப் பார்த்தாள்.

இயக்குநருக்கு இன்னொரு கவலை இருந்தது. “தீராத பசிக்காரனை நம்பி எப்படி ஒருத்தரைத் தெருவுல அனுப்பறது?”

அதற்கு நாத்தனார் தயாராக இருந்தாள். பள்ளியில் தேறிய பழைய நாய்களையும் சோதித்திருந்தாள். “நம்ம நல்ல மாணவர்கள்ல பாதிப்பேருக்கு இதே குறைதான் சார். தீனி காட்டிப் பழக்கறோம். பசிக்கிறவன் சீக்கிரம் கத்துக்கறான். தெரியாமலே நாமதான் இவங்களைப் பொறுக்கி எடுத்திருக்கோம்.”

மூன்று மாதம் கழித்து அறிவிப்பாளரம்மா வந்த நாளில் மழை தூறியது. பயிற்சியாளர் எதையும் மறைக்கவில்லை. இவனுக்கு ஆயுசு முழுக்கப் பசிக்கும், குப்பைக்கூடைக்குக்கூட மூடி வேண்டும், கெஞ்சும் கண்ணுக்கு இளகக்கூடாது என்றாள்.

“அந்தக் கண்ணைத்தான் நான் பாக்கவே போறதில்லையே. அவனுக்கு என்னைவிட நல்ல எஜமானி கிடைப்பாளா?” என்றார் அறிவிப்பாளரம்மா.

அவர் பீப்பாயின் முதுகில் பூட்டிய சேணத்தின் பிடியைப் பற்றினார். பீப்பாய் கிளம்பினான். நாற்காலியைச் சுற்றினான், ஈரத் தரையை ஒதுக்கினான், படியருகே நின்று அவர் கால் தேடும்வரை காத்திருந்தான். இயக்குநர் மெச்சித் தலையாட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். தாழ்வாரக் கோடியில் காலடி லேசாக ஆடியது.

“இது என்ன இடம்?” என்றார் அறிவிப்பாளரம்மா.

“எடை மேடைங்க,” என்றாள் பயிற்சியாளர், சிரிப்பை அடக்கி. “ரெண்டு பேரும் ஏறிட்டீங்க.”

“ஐயையோ! யாரும் முள்ளைப் பாக்காதீங்க!”

அவர் குதித்து இறங்கினார். பீப்பாய் இறங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். முள் ஆடியது, தயங்கியது, முப்பத்திரண்டுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை குனிந்து பார்த்தார்.

“தேறிட்டான்,” என்றார்.

பயிற்சியாளர் இடுப்புப் பையில் கைவிட்டாள். அன்றைய சாப்பாட்டுப் பங்கிலிருந்தே அளந்து எடுத்து வைத்த தீனியில் ஒரே ஒரு மணியை நீட்டினாள். பீப்பாய் அதை விழுங்கிவிட்டு, மிச்சத்துக்காக, பழக்கம் விடாமல் இயக்குநரைப் பார்த்தான்.

இயக்குநர் இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.