உப்பில்லாப் பத்தியம்

தென்காசியில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் சங்கரபாண்டிக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. கேட்காமலே சொல்லுவார். அவருக்கு வாழ்க்கைப்பட்ட பாவத்துக்குப் பேச்சித்தாய் அதையெல்லாம் குடித்தும் தீர்க்க வேண்டும்.

ஆறு மாதமாக அவள் கறுத்துக்கொண்டே வந்தாள். கைரேகையும் ஈறும்கூட மை தடவியதுபோல் ஆயின. சோறு இறங்கவில்லை, எழுந்தால் தலை சுற்றியது. உப்பின்மேல் மட்டும் தீராத ஆசை. நாரத்தங்காய் ஊறுகாயை அள்ளி அள்ளித் தின்றாள்.

"ரத்தம் கெட்டுப்போச்சுட்டி. கெடுக்கது அந்த உப்புதான். ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், உப்பில்லாப் பத்தியம்" என்று தீர்த்துவிட்டார். காம்பைப் பார்த்தே வத்தலுக்கு விலை சொல்லுகிற மனுஷனுக்குப் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

முப்பத்தாறாம் நாள், குற்றாலத்தில் சாரல். அருவியில் தலையைக் கொடுத்தால் சூடு இறங்கும் என்று இழுத்துப்போனார். நிற்கவே தெம்பில்லை, இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று போனாள். அருவிக்குப் பத்தடி முன்னால் மடங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டிரிப்பும் ஸ்டீராய்டு ஊசியும் ஏற்றி உயிரைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள், டாக்டர் ஜெஸி ரிப்போர்ட்டோடு வந்தார்.

"உப்பை நிறுத்தச் சொன்ன வைத்தியர் யாரு?"

"நாந்தான்" என்றார் சங்கரபாண்டி, கொஞ்சம் பெருமையாகவே.

"மண்டைக்குள்ள பிட்யூட்டரின்னு பயறு அளவுல ஒரு சுரப்பி அண்ணாச்சி. கிட்னி மேல அட்ரினல்னு இன்னொண்ணு. வேலையப் பாருன்னு மேல இருக்கது ஹார்மோன் அனுப்பும். இவங்க அட்ரினல் பழுதாயிட்டு. பதிலே இல்லன்னு அது அனுப்பிக்கிட்டே இருக்கு. அந்த ஹார்மோன் கூடிப்போய்த்தான் தோல் கறுத்துச்சு. உப்பைப் பிடிச்சு வைக்கதும் அட்ரினல்தான். அதுக்குப் பிட்யூட்டரி தாக்கீது கொஞ்சம், கிட்னி தாக்கீதுதான் பெருசு. யாரு சொல்லி என்ன, அங்கன செய்ய ஆளில்ல. உப்பு மூத்திரத்துல போகுது. உடம்பு கெஞ்சிக் கேட்டுச்சு, நீங்க அதையும் பறிச்சிட்டிய. இனிமே ஆயுசுக்கும் ரெண்டு வகை மாத்திரை. ஒருநாள் விடக்கூடாது."

சங்கரபாண்டி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ரெண்டு எதுக்கு? ஒண்ணாக் கொறைங்க. மண்டலம் முடிய இன்னும் பத்து நாள்தான் கெடக்கு. பத்தியத்த முடிச்சிட்டே தொடங்குவமே."

ஜெஸி வாய் திறக்குமுன் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அத முடிச்சா அடுத்து எனக்குப் பதினாறுதான் நடத்தணும். டாக்டரம்மா, சீட்ட எங்கையில தாங்க. ஏங்க, நீங்க போயி கடையத் தொறங்க. வத்தலுக்குப் பத்தியம் சொல்லுங்க, அது ஏற்கெனவே செத்ததுதான்."