குலவை போடும் நேரம்

காலையிலிருந்து மூன்றாவது தடவையாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள் பொற்கொடி. மாடு வாளிக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, இதென்ன வம்பாய்ப் போச்சு என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினாள். உலை வைத்தவள் அரிசி போட மறந்துபோய், தண்ணீர் சுண்டிப் பாத்திரம் கருகிய வாடை வந்த பிறகுதான் அடுப்படிக்கு ஓடினாள். இப்போது மணி மூன்றே முக்கால். இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கிறது. பத்து வினாடியில் முடிந்துபோகிற ஓட்டத்துக்கு ஒரு மனுசி விடிந்ததிலிருந்து இப்படிச் செத்துச் செத்தா பிழைப்பாள்? பிழைத்துக்கொண்டுதான் இருந்தாள். வேறென்ன செய்ய?

அவள் மகன் செம்மல் இன்றைக்கு ஆசியத் தடகளப் போட்டியில் நூறு மீட்டர் இறுதி ஓட்டம் ஓடுகிறான். கிழக்கே கடல் தாண்டி ஏதோ ஒரு நாடு, அதன் பேர் அவள் வாயில் நுழையவில்லை. நமக்கு நாலரை என்றால் அங்கே இருட்டி எட்டு மணியாம். இத்தனை தேசத்துக்காரர்களையும் சலித்துச் சலித்து எட்டே எட்டுப் பேரை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த எட்டில் ஒருத்தன், டவுன் பஸ் நாளைக்கு நாலு நடை மட்டும் வந்து திரும்புகிற இந்த ஊர்க்காரன், நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கிக்கொண்டு போகிற பொற்கொடி பெற்ற பிள்ளை. ஊர் சும்மா இருக்குமா? புதுக்கோட்டையிலிருந்து பெரிய திரையை வாடகைக்கு இறக்கி, மந்தையில் ஜல்லிக்கட்டு மாடு அவிழ்க்கிற இடத்தில் கட்டிவிட்டார்கள். ரேடியோ செட்டுக்காரர் மத்தியானத்திலிருந்து "ஹலோ ஹலோ" என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு இருளாயி சேலையை உதறிச் செருகிக்கொண்டே வந்தாள். பொற்கொடிக்குப் பத்து வயது மூத்தவள், வாய் மட்டும் இருபது வயது மூத்தது.

"ஏண்டி, பெத்தவ நீ இங்கிட்டு மாட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிற. அங்கிட்டு ஊரே ஒன்னத் தேடுது. வாடி."

"நீங்க போங்க அத்தாச்சி. எனக்கு வேல கெடக்கு."

"என்னா வேல? அந்த மாடு வயிறு வெடிச்சுச் சாகப் போகுது பாரு." வாளியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள் இருளாயி. கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னைக்காவது வாயத் தொறப்பியா? நாலு வருசமாச்சுடி" என்றாள்.

பொற்கொடி முந்தானையால் கையைத் துடைத்தாள். காய்ந்த கையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அந்தக் காலனி, இந்தத் தெரு என்றில்லாமல் சுற்றுப்பட்டு ஏழு ஊரிலும் பொற்கொடியின் குலவைக்கு ஒரு பேர் இருந்தது. முளைப்பாரி எடுத்தால் முதல் குலவை அவள் போட வேண்டும், பிறகுதான் மற்றப் பெண்கள் வாய் திறப்பார்கள். அதைவிடப் பெரிய பேர் கிடா வெட்டில். கோயில் வாசலில் கிடாயை நிறுத்தித் தலையில் தண்ணீர் தெளித்துவிட்டு அம்புட்டுச் சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால்தான் சாமி உத்தரவு, அதன் பிறகுதான் அரிவாள். சில கிடா லேசில் சிலுப்பாது, முறைத்துக்கொண்டு கல்லாட்டம் நிற்கும். பூசாரி கை ஓங்கியபடி வேர்த்து வழிவார். ஒரு குருவி கத்தினாலும் கேட்கிற அந்த அமைதியில் பொற்கொடி நாக்கைச் சுழற்றி ஒரு குலவை எடுப்பாள். உச்சந்தலையிலிருந்து வால்வரைக்கும் கிடா உதறிவிடும். "பொற்கொடி வாயத் தொறந்தா கல்லும் சிலுப்பும்" என்பார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லாமல் இருக்குமா?

அந்தக் கர்வம்தான் திருச்சியில் வைத்து அவளைக் காவு வாங்கியது.

நாலு வருசத்துக்கு முன்னால். செம்மலுக்கு அப்போது இருபது வயது. மாநிலப் போட்டி, நூறு மீட்டர் இறுதி. அதில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் தேசிய முகாமுக்கு எடுப்பார்கள் என்று சொல்லியிருந்தான். வேன் பிடித்துக்கொண்டு ஊர்ச்சனம் பதினேழு பேர் கிளம்பிப் போனார்கள். அவள் அதுவரைக்கும் மகன் ஓடி நேரில் பார்த்தது கிடையாது. ஓட்டம் கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கம்பி வேலியை ஒட்டி இடம் பிடித்துக் கொடுத்தார்கள். கைக்கெட்டுகிற தூரத்தில் பிள்ளை குனிந்து விரலை ஊன்றினான். துப்பாக்கியோடு நின்ற தொப்பிக்காரர் ஏதோ இங்கிலீசில் சொன்னார். பிறகு "செட்" என்றார். எல்லாப் பையன்களும் இடுப்பைத் தூக்கினார்கள். அவ்வளவுதான், மொத்த மைதானமும் கப்பென்று அடங்கிவிட்டது. ஒரு சத்தம் இல்லை. அம்புட்டுச் சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்படி ஓர் அமைதி வந்தால் அது எதற்கான நேரம் என்று பொற்கொடிக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும். யாரும் சொல்லாமல் நாக்கு தானாகச் சுழன்றது.

செம்மலின் உடம்பு சிலுப்பியது. மற்ற ஏழு பேரும் அசையவில்லை, அந்தக் குரலுக்கும் அவர்களுக்கும் என்ன உறவு? இவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டவன். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்னாலேயே கால் பாய்ந்துவிட்டது. இரண்டு எட்டு வைத்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். சிவப்பும் கறுப்புமாக ஓர் அட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். துப்பாக்கிக்கு முந்தினால் அவ்வளவுதான், இன்னொரு தடவை என்ற பேச்சே கிடையாது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பின்னால் ஏழு பேர் ஓடினார்கள்.

திரும்புகிற வேனில் புருசன் செல்லமுத்து அவள் பக்கத்திலிருந்து எழுந்து டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். கீரனூர் தாண்டும்போது செம்மல் மட்டும் பின்சீட்டிலிருந்து எட்டி, "சோறு சாப்டியாம்மா?" என்று கேட்டான். அவள் அன்றைக்கு அழுத அழுகையைப் பெற்றவர்கள் செத்ததற்குக்கூட அழவில்லை. அடுத்த வருசம் தொடைச்சதை கிழிந்து அவன் ஓடவே இல்லை. அதற்கும் அடுத்த வருசம்தான் முகாமுக்குள் நுழைந்தான். இரண்டு முழு வருசம், அவள் நாக்கு தின்ற வருசம். திருச்சியோடு அவள் வாயை மூடினாள். முளைப்பாரிக்கும் இல்லை, கிடா வெட்டுக்கும் இல்லை, சொந்த நாத்தனார் மகள் கல்யாணத்துக்கும் இல்லை. அவன் ஓடுகிற இடத்துக்கு மறுபடி போகவும் இல்லை.

நேற்று அரையிறுதி முடிந்து பிள்ளை போன் போட்டான்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், வையக்கூடாது."

"என்னடா?"

"தங்கச்சி ரஞ்சிதா முன்ன எடுத்த திருவிழா வீடியோ ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நீ கொலவ போடுறது. கோச்சு அத ஸ்பீக்கர்ல போடுவாரு, நான் செட்ல நிக்கும்போது. மொதல்ல ஒவ்வொரு வாட்டியும் பாஞ்சுட்டேன். ரெண்டு வருசமாப் போட்டுப் போட்டு, இப்ப அசையமாட்டேன்."

பெற்றவள் குரலுக்கு அசையாமல் இருக்க ஒரு பிள்ளை இரண்டு வருசம் பாடுபட்டிருக்கிறான். சந்தோசப்படுவதா, மாரில் அடித்துக்கொள்வதா?

"நல்லதுதான்" என்றாள்.

"இல்லம்மா, நீ கேளு. இப்ப அது இல்லாட்டித்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. செட்டுன்னதும் மனசுக்குள்ள ஒங் கொலவையக் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன். கேட்டா காலு அமைதியா நிக்கிது. நாளைக்கு நீ போடு. எனக்குக் கேக்காது, தெரியும். இருந்தாலும் போடு."

"போடா, வேற சோலி இல்ல ஒனக்கு." போனை வைத்துவிட்டாள். அதிலிருந்துதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்தாள்.

இருளாயி விடவில்லை. கையைப் பிடித்துத் தரதரவென்று மந்தைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். பொற்கொடி முன்னால் போகாமல் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் பெண்களுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். செல்லமுத்து திரைக்கு வெகு பக்கத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றார். மகள் ரஞ்சிதா மட்டும் தாயோடு வந்து ஒட்டிக்கொண்டாள், காலேஜில் இரண்டாம் வருசம் படிக்கிறவள். திரையில் வெளிச்சமான செம்மண் நிறப் பாதை தெரிந்தது. ஒவ்வொருத்தனாகக் காட்டினார்கள், தொடை தொடையாக, மலை மலையாக. ஏழாவது பாதையில் செம்மல். ஊர் போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்துபோனது. மெலிந்துவிட்டான் பாவி, கன்னம் ஒட்டிக் கிடக்கிறது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

எட்டுப் பேரும் குனிந்தார்கள். ரஞ்சிதா தாயின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். "செட்" என்ற சத்தம் ரேடியோ செட்டிலிருந்து மந்தை முழுக்கக் கேட்டது.

அமைதி.

இருளாயி போட்டாள் குலவையை. கூடவே நாலைந்து பெண்கள். அதே நொடியில் திரையில் யாரோ பாய்ந்தார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாய்ந்தது மாதிரி இருந்தது. கிளம்ப ஒன்று, நிறுத்த ஒன்று என்று துப்பாக்கி இரண்டு தடவை வெடித்தது. ஓடியவர்கள் நின்று திரும்பினார்கள், அதில் செம்மலும் இருந்தான்.

"அடிப்பாவிகளா!" பொற்கொடி இருளாயியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒங்கள யாரு போடச் சொன்னது? எம் புள்ளைய மறுபடியும் கெடுத்துட்டீகளேடி! நாசமாப் போவீகளா!"

"ஏண்டி, இங்கிட்டுப் போட்டா அங்கிட்டு எப்புடிடி..." இருளாயிக்கே பேச்சு திக்கியது.

பொற்கொடி ஒன்றும் கூறுகெட்டவள் இல்லை. இங்கே கத்தினால் கடல் தாண்டிக் கேட்காது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, இருளாயியின் தோளை அவள் விடவில்லை. திரையில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து, இங்கிலீஷ் பேச்சு. தொப்பிக்காரர் ஒருவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து நடந்து வந்தார். அதே அட்டை. சிவப்பும் கறுப்பும். ஐந்தாவது பாதையைக் கடந்தார். செல்லமுத்து துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தொப்பிக்காரர் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றார். செம்மல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். மாரியாத்தா, நீ கேட்ட நாலு வருசத்தையும் வாயைக் கட்டிக் கொடுத்தேனே, இன்னும் என்ன வேணும் உனக்கு என்று பொற்கொடி மனசுக்குள் சண்டை பிடித்தாள்.

அட்டை ஆறாவது பாதைக்காரன் முகத்துக்கு நீண்டது.

"அண்ணன் இல்லம்மா! பக்கத்து லேனு! அவன்தான் மொதல்ல பாஞ்சது, அண்ணன் அவனப் பாத்துத்தான் எந்திரிச்சிருக்கு!" ரஞ்சிதா அழுதுகொண்டே சிரித்தாள். அந்த ஆறாவது பாதைக்காரன் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக வெளியே நடந்தான். எந்த ஊர்ப் பிள்ளையோ. அவனுக்கும் ஒருத்தி எங்கேயாவது டிவிக்கு முன்னால் நிற்பாள்.

மறுபடியும் குனிந்தார்கள், இப்போது ஏழு பேர். மந்தையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. இருளாயி முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு திரையைப் பார்க்காமல் பொற்கொடியைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லமுத்துவும் திரும்பினார். அத்தனை தலைக்கு மேலாக, இத்தனை வருசம் கழித்து அந்தக் குலவையைப் பற்றி அவர் அவளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"போடு."

"செட்."

ஏழு இடுப்புகள் மேலே எழுந்தன. மந்தை அடங்கியது. ரேடியோ செட்டில்கூட இரைச்சல் இல்லை. பொற்கொடியின் நாக்கு மரக்கட்டையாய்க் கிடந்தது. இரண்டு வருசம் தின்ற நாக்கு. கேட்டா காலு அமைதியா நிக்கிது என்று சொன்னானே பிள்ளை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

முதலில் காற்றுதான் வந்தது. பிறகு, நாலு வருசமாய் அடைத்துக் கிடந்தது மொத்தமும் உடைத்துக்கொண்டு வந்தது. மந்தையைத் தாண்டி, கண்மாய்க் கரையைத் தாண்டி அந்தக் குலவை போனது. துப்பாக்கி வெடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. ஊர் அலறியது கேட்கவில்லை. யார் யாரோ அவளை இடித்துக்கொண்டு குதித்தார்கள். மூச்சு தீர்ந்து கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"மூணா நாலாடா?" "மூணுதான்!" "இல்லப்பா, அந்த நீலச் சட்டக்காரன் நெஞ்ச முன்னால தள்ளிட்டான்!" "இருங்கப்பா, போட்டோ பாத்துச் சொல்லுவாங்க!" ஆளாளுக்குக் கத்தினார்கள். ரஞ்சிதா போனைக் குடைந்துகொண்டிருந்தாள். முடிவு இன்னும் திரையில் வரவில்லை.

அதற்குள் ஓட்டம் கிளம்பியதை மெதுவாக்கி மறுபடி காட்டினார்கள். ஏழாவது பாதையை மட்டும், கிட்டத்தில். பொற்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். புருசனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். திரையில் அவள் பிள்ளையின் முகம் ஆள் உயரத்துக்கு நின்றது. கண் தரையில். ஊன்றிய விரல்கள் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால். பக்கத்தில் எவனுடைய தோளோ லேசாக நடுங்கியது. செம்மலின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வேர்வை திரண்டு, தொங்கி, கீழே விழுந்தது. அவன் சிலுப்பவில்லை.