ஏழாம் பிரஸ்ஸின் பிரேக்

காலை ஆறு மணி ஷிப்ட் தொடங்கி அரை மணிகூட ஆகவில்லை, அதற்குள் மாடசாமியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை முழுக்கப் பனி. உள்ளே பதினோரு பவர் பிரஸ்கள் தரை அதிர அடித்துக்கொண்டிருந்தன. தகட்டை அச்சில் வை, அழுத்து, எடு, அடுத்ததை வை. மணிக்கு அறுநூறு அடித்தாக வேண்டும். அந்தத் தகட்டின் மேல்தான் காரின் பிரேக் பேட் ஒட்டும்.

எந்தக் கார் என்பது சுவரில் படமாகத் தொங்கியது. நான்கு கதவுள்ள வெளிநாட்டுக் கார், பந்தயக் காரின் வேகம். இருநூற்றைம்பதில் பறந்தாலும் காற்று அதைத் தூக்கிவிடாமல் பின்னாலுள்ள இறக்கை ரோட்டோடு அழுத்திப் பிடிக்கும். பள்ளத்தில் இறங்கினாலும் உள்ளிருப்பவன் காபி தளும்பாது. மிதித்தால் சொன்ன இடத்தில் நிற்கும். ஓட்டுகிறவன் உயிர்மேல் எவ்வளவு கரிசனம்!

பிரஸ்ஸுக்கும் ஒரு பிரேக் உண்டு. அடித்துவிட்டு மேலே போகும் இரும்புத் தலையை அங்கேயே பிடித்து நிறுத்துவது அதுதான். ஏழாம் பிரஸ்ஸில் அது தேய்ந்து மூன்று வாரமாயிற்று. சொன்னவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் வசவு.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் அடிக்கும். கை உள்ளே போகக் கூடாதென்று செய்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் மணிக்கு நானூறு தாண்டாது. அதனால் இடது பொத்தானில் ஒரு மர ஆப்பைச் செருகிவிட்டு, வலது கையால் அழுத்தி, இடது கையால் தகடு வைப்பார்கள். புளியங்கட்டையில் அந்த ஆப்புகளைச் செதுக்கி வரிசை முழுவதற்கும் கொடுத்தவன், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மாடசாமிதான். சூப்பர்வைசர் பார்த்தும் பாராதவன்போல் போவான்.

ஏழாம் பிரஸ்ஸில் நின்றவன் உத்தனப்பள்ளி திம்மராயன். மணி ஒன்பது தாண்டியிருக்கும், அடித்த தகட்டை எடுக்க இடது கையை உள்ளே விட்டான். மேலே போன இரும்பு நிற்கவில்லை. யாரும் அழுத்தாமலே இரண்டாம் முறை இறங்கியது.

எலும்பு நொறுங்கிய சத்தம் அத்தனை இரைச்சலையும் மீறிக் கேட்டது. நான்கு விரல்கள் தகட்டோடு தகடாக அச்சில் நசுங்கிக் கிடந்தன. மாடசாமி தன் கழுத்துத் துண்டை உருவி திம்மராயனின் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினான். ரத்தம் அவன் முகத்தில் பீய்ச்சி அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தகடு ஏற்றும் டெம்போவில் திம்மராயனைத் தூக்கிப் போட்டார்கள். பேக்கிங்கில் வேலை செய்யும் அவன் மனைவி மாதம்மாள் ஓடிவந்தாள்.

“நானும் கூடப் போறன், வுடுங்க!”

காவலாளி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு கேட்டைப் பூட்டினான். பத்து மணிக்குக் கார் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருகிறார்களாம். ஒருவன் அதற்குள் குழாயைப் பிடித்து ரத்தத்தைக் கழுவ ஆரம்பித்திருந்தான். மற்ற பிரஸ்கள் ஓடிக்கொண்டேயிருந்தன.

முதலாளி நவீன்குமார் ஒரு தாளோடு வந்தார்.

“மாடசாமி, கையெழுத்து போடு. மெஷின் நல்லா இருந்துச்சு, திம்மராயனே ஆப்பு வெச்சு மாட்டிக்கிட்டான். அவ்வளவுதான். அடுத்த மாசம் நீ பெர்மனென்ட்.”

ஆறு வருடமாக அவன் காத்துக் கிடந்த வார்த்தை. மாடசாமி பேனாவை வாங்கியும்விட்டான். ஆப்பு வைத்தது உண்மைதானே என்று மனசு சாக்குத் தேடியது. வெட்கம் கெட்ட மனசு!

மாதம்மாள் கிட்டே வந்தாள். நெற்றி கிழிந்திருந்தது. “அந்தக் கட்ட நீ குடுத்ததுதானே, ண்ணா?” என்று மட்டும் கேட்டாள்.

பேனா கீழே விழுந்தது.

“ஆமா. ஆப்பு செதுக்குனது நாந்தான், எழுதிக்கிடுங்க. ஆனா ரெண்டாந்தரம் அடிச்சது ஆப்பு இல்ல சார், பிரேக்கு. மூணு வாரமாச் சொல்லுதோம்.”

“ஒரு நாள் மெஷினை நிறுத்தினா ஆர்டர் சைனாவுக்குப் போயிடும். அப்புறம் சோத்துக்கு எங்கடா போவீங்க?”

“பிரேக்கு சாமான் செய்யிற கம்பெனில மெஷினுக்குப் பிரேக்கு இல்லையா சார்?”

நவீன்குமார் அவன் கன்னத்தில் அறைந்தார். அடுத்து காவலாளியின் தடி வாயிலேயே இறங்கியது. ஒரு பல் தெறித்தது. விழுந்தவனின் விலாவில் பூட்ஸ் கால் மிதித்தது. ரத்தத்தைத் தாளின் மேலேயே துப்பிவிட்டு மாடசாமி எழப் பார்த்தான். மறுபடியும் அடி.

அப்போது மூன்றாம் பிரஸ் நின்றது. பிறகு ஒன்பது, பிறகு ஐந்து. பதினொன்றும் நின்றபின் தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாயின் சத்தம் மட்டும் கேட்டது. ஆப்புகள் ஒவ்வொன்றாக நவீன்குமாரின் காலடியில் வந்து விழுந்தன. கடைசியாக மாதம்மாள், ஏழாம் பிரஸ்ஸின் பொத்தானில் சிக்கியிருந்த ஆப்பைப் பிடுங்கி அவர் கையிலேயே திணித்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது.

“எல்லாரும் மெஷினுக்குப் போங்கடா!”

யாரும் போகவில்லை. நவீன்குமார் போனில் போலீஸைக் கூப்பிட்டார். சற்று நேரத்தில் வெளியே, பார்வையிட வந்தவர்களின் கார் ஹாரன் கேட்டது, அதற்குப் பின்னால் போலீஸ் ஜீப்பின் சைரன். மாடசாமியை இருவர் தூக்கி நிறுத்தினார்கள்.

“மொதல்ல திம்மராயன் கையைப் பாருங்க. அப்புறம் இதுக்குப் பிரேக்கு மாத்துங்க. அதுவரைக்கும் எங்க கை பொத்தானுக்கு வராது” என்றான். வீங்கிய வாயில் வார்த்தைகள் குழறின. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

காவலாளிகள் மறுபடி தடிகளை ஓங்கினார்கள். முதல் அடியைத் தோளில் வாங்கியது மாதம்மாள். அடுத்ததை வாங்க நான்கு பேர் முன்னால் வந்தார்கள். கேட் திறக்கும் சத்தம் கேட்டும் ஒருவரும் நகரவில்லை. பிரேக் இல்லாத அந்த ஏழாம் பிரஸ்ஸை நாற்பது பேர் சுற்றி நின்று நிறுத்தி வைத்திருந்தார்கள்.