நான்காவது கட்டம்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் சுருள்களைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்குவது ஹெப்சிபாவின் வேலை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அவள் பெயர் எழுதிய சீட்டு ஒன்று போகும். கப்பலேறிப் போன பெட்டியில் ஒரு நூல் பிசிறியிருந்தாலும், அந்தச் சீட்டு கடல் தாண்டித் திரும்பி வந்து அவளைக் கண்டுபிடித்துவிடும். அதனால் பெயர் கேட்கும் எந்தத் தாளைப் பார்த்தாலும் அவள் பேனாவைத் தொடத் தயங்குவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் எட்வின் நீட்டியதும் அப்படியொரு தாள்தான். வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றுக்காக அவர் நடத்தும் கூட்டம். குண்டு வைக்கும் இயக்கத்திலிருந்து விலகி வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் பேசப்போகிறார். தம்பி ஜெபின் அதைக் கேட்டாக வேண்டும் என்றுதான், தெருப் பையன்களோடு அவனையும் பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். நாலு மாதமாக அவன் போன் நிறைய, அவன் சேர்ந்திருந்த ஏதோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து வரும், பழிவாங்கச் சொல்லும் வீடியோக்கள். போன வாரம் அவன் தலையணைக்கு அடியில் ஓர் அரிவாள் இருந்தது.

தாளில் பெயர், ஊர், செல் நம்பர். நான்காவது கட்டத்தில், ‘தொடர்ந்து கவனிக்க வேண்டியவரா?’

“பசங்கள உங்களுக்குத்தானம்மா தெரியும். நீங்களே எழுதிருங்க” என்றார் எட்வின்.

“இதை யாரு சார் பாக்கப்போறாவ?”

“சும்மா, ரிப்போர்ட்டுக்கு.” அவர் சிரித்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற ஜெபின் எட்டிப் பார்த்துவிட்டான். “என்னக்கா, எனக்கும் சீட்டா? பெட்டியில வச்சு அனுப்பிரு.”

“உள்ள வாலே.”

“அவிய பேசக் கூப்பிடல. பேரு எடுக்கக் கூப்பிட்டிருக்காவ.”

அவளுக்கும் அதே சந்தேகம்தான். “ஒன் குரூப்புக்காரனுவ மட்டும் பேரு, நம்பர் வாங்காமயா ஒன்னச் சேத்தானுவ? அவனுவ யாருன்னு ஒனக்குத் தெரியுமா?”

ஜெபின் செருப்பு நுனியால் வாசற்படியைத் தேய்த்தான்.

ஹெப்சிபா பேனாவை எடுத்தாள். தாளின் இருபது வரியிலும் தன் பெயரையே எழுதினாள், தன் நம்பர், நான்காவது கட்டத்தில் ‘ஆம்’.

“கேக்கணும்னா என்னய வந்து கேக்கச் சொல்லுங்க சார்.”

எட்வின் தாளைப் பார்த்தார். பிறகு ஜெபினைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றதாக அவளுக்குப் பட்டது.

ஜெபின் செருப்பைக் கழற்றினான். வாசலை ஒட்டிய கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான். வெளிநாட்டுக்காரர் பேசத் தொடங்கியதும் எட்வின் படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினார். ஹெப்சிபா எழுந்துபோய்த் தம்பிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

கூட்டம் முடியும்வரை அவள் உட்காரவில்லை. பின்னால் ஜெபினின் நாற்காலி நகரும் சத்தமும் கேட்கவில்லை.